மூன்று பேருக்கு ஒரு மண்டி

எங்கள் தெருவில் பல் ஆஸ்பத்திரி இருந்த கட்டடத்தில் ஒரு ஓட்டல் வந்தது. செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முதலில் என் மருந்துக்கடை, அடுத்து ஒரு தையற்கடை, அதற்கடுத்து அந்தக் கட்டடம். பல் டாக்டர் மகனோடு இருக்கலாம் என்று பெங்களூர் போய்விட்டார். கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒருநாள் வாசலில் வாழைமரம் கட்டினார்கள். சீரியல் விளக்கு தொங்கவிட்டார்கள். காற்றடைத்த ஆளுயரப் பொம்மை ஒன்று கையை ஆட்டி ஆட்டிப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தது.

அது கூப்பிட்டும் ஆரம்பத்தில் யாரும் போகவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் வீட்டுச் சமையலைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. புது ஓட்டலுக்குள் முதல் ஆளாக நுழைந்தால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரு பேசும். ஆகவே எல்லோரும் மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார்கள். ஓட்டல்காரரும் காத்திருந்தார். பொம்மை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க போறோம்" என்றாள் என் மனைவி. "மூணு வீடும்."

"மூணு வீடுமா?"

"மூணு வீடுந்தான். நாங்க பேசி முடிச்சிட்டோம். ஒங்க ரெண்டு ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வர்றது ஒங்க பொறுப்பு."

இதில் என்ன சிரமம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. என் நண்பர்கள் இரண்டு பேரும் அப்போது பேசிக்கொள்வதில்லை. ஏறக்குறைய இரண்டு வருடங்களாக.

அவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒருவனுடைய குடும்பம் திருப்பத்தூர்ப் பக்கம் விவசாயம். பிள்ளைகள் படிப்புக்காக அவனுடைய அம்மா இங்கே வீடு பிடித்து வந்தார்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். அவன் இப்போது அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறான். என் வீட்டுக்கு எதிர்வீடு. இன்னொருவன் மரவேலைக் குடும்பம். இப்போது வீடுகளுக்கு மாடுலர் கிச்சன் போட்டுக் கொடுக்கிறான். ஒருவனை வாத்தியார் என்றும் மற்றவனை கான்ட்ராக்டர் என்றும் ஊரில் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. கான்ட்ராக்டர் மகளுக்குக் கல்யாணம். எனக்கு நேரில் வந்து, தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் கொடுத்து அழைத்தான். வாத்தியாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதுவும் மேலே 'ஃபார்வர்டட்' என்று போட்டு வந்தது. வாத்தியாரின் அம்மா காலமாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த அம்மாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் கான்ட்ராக்டரும் ஒருவன். தோள் கொடுத்தவன் இப்படி ஃபோனில் தள்ளிவிட்டானே என்று வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு அவன் போகவில்லை. வாத்தியாரின் மனைவி மட்டும் எங்களோடு வந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அதிலிருந்து இருவரும் பேசுவதில்லை. பெண்கள் வழக்கம்போலத் தினமும் ஃபோனில் பேசிக்கொண்டார்கள், மாவு பரிமாறிக்கொண்டார்கள், ஒரே ஆட்டோவில் கடைக்குப் போனார்கள். சண்டை ஆண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். காலையில் மூன்று பேரும் சேர்ந்து நடப்பது வழக்கம். சண்டைக்குப் பிறகு வாத்தியார் விடியும் முன்பே நடந்தான். கான்ட்ராக்டர் விடிந்த பிறகு நடந்தான். யாரையும் விட்டுக்கொடுக்க முடியாமல் நான் இரண்டு முறை நடந்தேன். அந்தக் காலத்தில் என் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் இருந்தது.

இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பெல்லாம் ஒருவனை ஒருவன் 'அவன்' என்பான். சண்டை வந்த பிறகு 'அவுக' ஆகிவிட்டது. "அவுக வந்தாகளா?" "அவுக என்ன சொன்னாக?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

வாத்தியாரிடம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்குப் போகிறோம் என்றேன்.

"அவுக வாராகளா?"

"வாராக."

யோசித்தான். "ஓட்டல் பொது இடம். யாரு வேணாலும் வரலாம்" என்றான்.

கான்ட்ராக்டரிடமும் சொன்னேன். அவனும் அது பொது இடம்தான் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். ஓட்டல்காரர் வாசலுக்கே ஓடி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சவுதியில் ஏதோ பெரிய ஓட்டல் சமையல்கட்டில் இருந்துவிட்டு வந்தவர்.

"வாங்கண்ணே, வாங்க! மெடிக்கல் அண்ணன் இன்னும் வரலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இங்குட்டு உக்காருங்க, இங்குட்டுத்தான் ஏசி நல்லா வரும்."

எல்லாம் நான்கு பேர் உட்காரும் மேசைகள். பெண்கள் மூவரும் ஏசிக்குக் கீழே இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். மற்ற மேசைகளில் வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்; மீதியிருந்த ஒரு மேசை எங்களுக்கு. வாத்தியாரும் கான்ட்ராக்டரும் அருகருகே உட்கார மறுத்தார்கள். எதிரெதிரே உட்காரவும் மறுத்தார்கள். நான்கு நாற்காலி உள்ள மேசையில் அதற்குமேல் ஒரே ஒரு வழிதான் உண்டு. குறுக்காக உட்கார்ந்தார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். நான்காவது நாற்காலியில் வாத்தியாரின் ஹெல்மெட் உட்கார்ந்தது.

கான்ட்ராக்டர் மேசையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "பார்ட்டிக்கிள் போர்டு, வெறும் மரத்தூளு" என்றான். துக்கம் விசாரிக்கிற குரல். பிறகு தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தான். "இந்த எடத்துலதான்யா எனக்குக் கடவாப்பல்ல புடுங்குனாரு. சேர் இங்கதான் கெடந்துச்சு."

எனக்கும் அங்கேதான் பல் பிடுங்கினார்கள். வாத்தியாருக்கும்தான். ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சில் கலந்துகொண்டதாக ஆகிவிடும்.

"ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லலாமான்னு கேளு" என்றான் வாத்தியார் என்னிடம்.

"யாருகிட்ட?"

"அவுககிட்டத்தான். அவுக தலைக்கு மேலதான ஓடுது."

கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தான். "கொறைச்சா எனக்கு வேர்க்கும்னு சொல்லிரு."

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும்தான் காது நன்றாகக் கேட்கிறதே. ஃபேன் அதே வேகத்தில் ஓடியது.

ஓட்டல்காரர் வந்து நின்றார். "என்ன சாப்பிடுறீக?"

மெனு அட்டையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்த வாத்தியார் ஓர் இடத்தில் நின்றான். அவன் முகம் கொஞ்சம் இளகியது. "மண்டி இருக்கா?"

ஓட்டல்காரர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. "இருக்கு சார்! அதுதான் நம்ம ஸ்பெஷலே."

எங்கள் பக்கத்தில் மண்டி என்றால் வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காயும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் கொதிக்க வைப்பது. ஞாயிற்றுக்கிழமையில் போய் ஓட்டலில் அதைத் தின்பதற்கு ஒரு மனசு வேண்டும். வாத்தியாருக்கு அந்த மனசு இருந்தது. அவனுடைய அம்மா வைத்துவந்த மண்டிக்கு நாங்களும் அடிமைதான்.

"எனக்கும் அதுவே சொல்லு" என்றான் கான்ட்ராக்டர் என்னிடம். "அவுக சொன்னாகன்னு இல்ல. எனக்கே புடிக்கும்."

"அப்ப மூணு மண்டி" என்றேன்.

"மூணு எதுக்குண்ணே?" என்றார் ஓட்டல்காரர். "ஒண்ணு சொன்னாப் போதும். மூணு பேரும் சாப்பிடலாம்."

"ஒண்ணு எப்படி மூணு பேருக்குக் காணும்?"

"தாராளமாக் காணும். சோறு பத்தலைன்னா எத்தனை தடவை கேட்டாலும் வைக்கிறேன்."

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வாத்தியார் மேலும் கேட்டான்: "தொட்டுக்க அப்பளம் கெடைக்குமா?"

ஓட்டல்காரர் ஒரு நொடி யோசித்தார். "அப்பளமா சார்? பொரிக்கச் சொல்றேன்" என்று உள்ளே போனார்.

பெண்கள் மேசையில் பரோட்டா வந்தது, கோலா உருண்டை வந்தது, இன்னும் ஏதேதோ வந்தன. அவர்கள் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்களையும் ஒரு ஃபோட்டோ எடுத்தார்கள். அந்த ஃபோட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று பேரும் மூன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஹெல்மெட் மட்டும் கேமராவைப் பார்க்கிறது.

சமையல்கட்டுக் கதவு திறந்தது. ஓட்டல்காரர் ஒரு பக்கமும் இன்னொருவர் ஒரு பக்கமுமாக ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாருக்கோ விருந்து என்று நினைத்து நான் வழிவிட்டு உட்கார்ந்தேன். அது எங்கள் மேசையில் வந்து இறங்கியது. மோட்டார் சைக்கிள் சக்கரம் அளவுக்குத் தட்டு. அதில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சோற்றுக் குவியல். சோற்றின்மேல் முந்திரி, திராட்சை, வறுத்த வெங்காயம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முழு ஆட்டுத்தொடை, எலும்பு வெளியே நீட்டிக்கொண்டு. ஓரத்தில், ஒரு சின்னத் தட்டில், மூன்று அப்பளம்.

மூன்று பேரும் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.

"இது என்ன?" என்றான் வாத்தியார் கடைசியில்.

"மண்டி சார்."

"வெண்டைக்காய் எங்க?"

ஓட்டல்காரர் தட்டைப் பார்த்தார். எங்கோ விழுந்துவிட்டதா என்று தேடுகிற பார்வை. "வெண்டைக்காயா சார்?"

பெண்கள் மேசையில் யாருக்கோ புரையேறியது. என் மனைவிதான். கான்ட்ராக்டரின் மனைவி அவள் தலையில் தட்டினாள். தட்டிக்கொண்டே அவளும் சிரித்தாள்.

ஓட்டல்காரர் விளக்கினார். இது அரபு நாட்டு மண்டி. இப்போது எல்லா ஊரிலும் இதுதான் ஓடுகிறது. நம்ம ஊரிலும் மண்டி என்று ஒன்று இருப்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதைத் தேடி ஒருவர் ஓட்டலுக்கு வருவார் என்று தோன்றவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"சரி, சாப்பிடுற தட்டு?" என்றேன்.

"இதுதாண்ணே."

"இது கொண்டுவந்த தட்டு. நாங்க சாப்பிடுற தட்டு?"

"இதேதாண்ணே. மண்டின்னா ஒரே தட்டுல எல்லாரும் சேந்து கைவச்சுத்தான் சாப்பிடணும். அங்க அப்படித்தான். பாசம் வளரும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

தனித்தட்டுக் கேட்கலாம் என்று நான் வாயெடுத்தேன். என் மனைவி அந்த மேசையிலிருந்து என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். மற்ற இரண்டு பேரும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வாத்தியார் கேட்கவில்லை, கேட்டால் தான் பயந்ததாக ஆகும். கான்ட்ராக்டரும் அதே காரணத்துக்காகக் கேட்கவில்லை. மூன்று பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டோம்.

வாத்தியார் தன் பக்கமிருந்து ஆரம்பித்தான். கோணமானி வைத்து அளந்ததுபோல மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே கை போய் வந்தது. கான்ட்ராக்டர் விரலால் சோற்றில் ஒரு கோடு இழுத்தான். ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடு, தொழில் பழக்கம். அந்தக் கோட்டுக்கு அப்பால் அவன் பார்க்கவே இல்லை. இரண்டு எல்லைக்கும் நடுவில் இருந்த பகுதி எனக்கு. சோறு நன்றாகத்தான் இருந்தது. காரமே இல்லை, ஆனால் வாசம் இருந்தது. கோட்டைத் தாண்டி ஒரு முந்திரி வாத்தியார் பக்கம் உருண்டது. அவன் அதை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினான்.

நடுவில் இருந்த தொடையை யாரும் தொடவில்லை. அது யார் எல்லையிலும் இல்லை.

சோறு மட்டும் எவ்வளவுதான் தின்பது? கான்ட்ராக்டர் முதலில் கை நீட்டினான். எலும்பைப் பிடித்து இழுத்தான். கறி வரவில்லை, தட்டு சுற்றியது. வாத்தியார் பக்கத்துச் சோறு கான்ட்ராக்டர் முன்னால் வந்தது. கான்ட்ராக்டர் பக்கத்துச் சோறு எனக்கு வந்தது. வாத்தியார் முன்னால் என்னுடைய பாதி தின்ற பள்ளம் வந்து நின்றது. வாத்தியார் தட்டைப் பிடித்து, எதுவும் நடக்காததுபோலப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தான். கான்ட்ராக்டர் மறுபடி இழுத்தான். தட்டு மறுபடி சுற்றியது.

"முட்டியில திருகு" என்றான் வாத்தியார்.

என்னிடம் சொல்கிறான் என்று நினைத்தேன். நான் எலும்பைப் பிடித்திருக்கவில்லை.

"நீ தட்டைப் புடி" என்றான் கான்ட்ராக்டர், குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

வாத்தியார் இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்தான். கான்ட்ராக்டர் மூட்டில் கைவைத்துத் திருகினான். தொடை இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் மேசையில் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கெட்டுவிடும் என்று தோன்றியது.

கான்ட்ராக்டர் சதைப்பற்றான துண்டை எடுத்து வாத்தியார் பக்கம் வைத்தான்.

"எனக்கு வேணாம்."

"தின்னு."

"வாட்ஸ்அப்ல அனுப்பு. தின்னுக்கிறேன்."

கான்ட்ராக்டர் கையை உதறினான். "என்னய்யா சொன்ன?"

"கேட்டுச்சுல்ல."

"ரெண்டு வருஷமா வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு இருந்துட்டு, இப்ப எலும்பு புடுங்கையில பேசுற?"

"நீ பேசினியா?"

"நான் எதுக்குப் பேசணும்? வராதவன் நீ. எம்மக மணமேடையில ஒக்காந்துக்கிட்டுக் கேக்குறா, வாத்தியார் மாமா எங்கப்பான்னு. நான் என்ன சொல்றது? டவர் கெடைக்கலைன்னா?"

அக்கம்பக்கத்து மேசையெல்லாம் திரும்பிப் பார்த்தது. ஓட்டல்காரர் விரைந்து வந்து ஒரு கிண்ணம் மயோனைஸை எங்கள் முன்னால் வைத்தார். "இது ஃப்ரீ சார்" என்றார்.

"நீ அனுப்புனதுல ஃபார்வர்டட்னு போட்டிருந்துச்சுய்யா" என்றான் வாத்தியார். "ஊருக்கெல்லாம் அனுப்புன மாதிரி."

"எம்மக எனக்கு அனுப்புனா. அதை நான் ஒனக்கு அனுப்புனேன். அது தானா எழுதிக்கிருச்சு. நானா எழுதுனேன்? பிசிக்ஸ் வாத்தியாரு ஒனக்குத் தெரியாதா?"

"பிசிக்ஸ்ல அது வராது."

"எதுலதான் வரும்?"

வாத்தியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு வேறு குரலில் பேசினான். "அன்னைக்கு நீ எங்க தெருவுக்கு வந்தியா இல்லையா?"

"வந்தேன்."

"இவன் வீட்டுக்குப் போனியா?" என்று என்னைக் காட்டினான்.

"போனேன்."

"எதுத்தாப்புல நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். என்னையப் பாத்த. பாத்துட்டு, தாம்பாளத்து மேல துண்டைப் போட்டு மூடிக்கிட்டுப் போன."

இது எனக்குத் தெரியாது. கான்ட்ராக்டர் அன்றைக்கு என் வீட்டுக்குள் துண்டு போர்த்திய தாம்பாளத்தோடுதான் வந்தான். வெயிலுக்கு வெற்றிலை வாடாமல் இருக்க மூடியிருக்கிறான் என்று நானும் என் மனைவியும் நினைத்தோம்.

"ஆமா, மூடுனேன்" என்றான் கான்ட்ராக்டர். "ஒங்கம்மா போயி முப்பதுகூட ஆகலை. நீ மொட்டைத் தலையோட வாசல்ல நிக்கிற. குங்குமத்தையும் பூவையும் ஏந்திக்கிட்டு ஒன் முன்னால நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? அதான் மூடுனேன்."

"எங்க வீடு ஆகாத வீடுன்னு நீ நெனைச்சிட்டன்னு நான் நெனைச்சேன்."

"போடா."

"கல்யாணக் காரியத்துல எங்க மூச்சுப் படக்கூடாதுன்னு நீ மூடுனன்னு நெனைச்சேன்."

"போடா கிறுக்கா" என்றான் கான்ட்ராக்டர். "எங்கக்கா சொல்லுச்சு, துக்க வீட்டுக்குப் பத்திரிகை கொண்டு போகாதன்னு. அதுக்காகன்னு இல்ல. அக்கா சொல்லாட்டியும் நான் வந்திருக்க மாட்டேன். ஒங்க வீட்டுக்குள்ள நான் எப்ப நொழஞ்சாலும் ஒங்கம்மா அடுப்படியில இருந்து, சாப்பிட்டியாடான்னு கேப்பாக. அந்தச் சத்தம் இல்லாம உள்ள வரத் தெரியல எனக்கு. அதான் ஃபோன்ல அனுப்புனேன். அனுப்பிட்டு, ப்ளூ டிக் விழுந்துச்சா விழுந்துச்சான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். விழுந்துச்சு. நீ பதில் போடல."

"தாம்பாளம் இல்லாம வந்திருக்கலாம்ல" என்றான் வாத்தியார்.

"வந்து?"

"வந்து, சும்மா ஒக்காந்துட்டுப் போயிருக்கலாம்ல."

கான்ட்ராக்டர் தட்டைப் பார்த்தான். "வந்திருக்கலாம்" என்றான்.

வாத்தியார் எழுந்து கை கழுவப் போனான். பாதிச் சாப்பாட்டில் யாரும் கை கழுவப் போவதில்லை. வாஷ்பேசின் பல் டாக்டர் காலத்தது. தண்ணீர் மெல்லத்தான் வரும். அவன் அங்கே வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கான்ட்ராக்டர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சதைத்துண்டை எடுத்து, எலும்பை நீக்கி, நாராகப் பிய்த்து வாத்தியார் பக்கத்துச் சோற்றில் வைத்தான். பிறகு அவன் பக்கத்துச் சோறு குறைந்திருக்கிறது என்று தோன்றியதோ என்னவோ, தன் பக்கத்திலிருந்து கையால் அள்ளி அங்கே தள்ளினான். என் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் தள்ளினான். என்னைக் கேட்கவில்லை.

ஓட்டல்காரர் இன்னொரு கிண்ணம் மயோனைஸோடு வந்தார். "அண்ணே, காரம் பத்தலையா? சார் எந்திரிச்சுப் போயிட்டாரே" என்றார் மெதுவாக.

"சாப்பாடு நல்லாருக்கு தம்பி" என்றான் கான்ட்ராக்டர். "இது வேற."

அவர் நம்பவில்லை. தக்காளிச் சட்னி மாதிரி ஒன்றும் கொண்டுவந்து வைத்தார்.

வாத்தியார் வந்து உட்கார்ந்தான். ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அது கான்ட்ராக்டருக்குப் பக்கத்து நாற்காலி. தன் பழைய இடத்துக்கு முன்னால் குவிந்திருந்த கறியைப் பார்த்தான். அது இப்போது எட்டாத இடத்தில் இருந்தது. கான்ட்ராக்டர் தட்டைச் சுற்றிவிட்டான். வாத்தியார் தின்ன ஆரம்பித்தான்.

"கறி நல்லா வெந்திருக்கு" என்றான்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றான் கான்ட்ராக்டர்.

"கம்மியெல்லாம் இல்ல. ஒனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு, வெத்தலை போட்டுப் போட்டு."

"வெத்தலையை விட்டு ஆறு மாசமாச்சு. ஒனக்கு எங்க தெரியும்?"

"இவன் சொல்லலையே" என்று வாத்தியார் என்னைப் பார்த்தான். இருவரும் சேர்ந்து என்னைக் குற்றவாளியாகப் பார்த்தார்கள். அந்த விஷயத்தை நான் சொல்லியிருக்க வேண்டுமாம். இரண்டு வருடம் தூது போனதற்கு எனக்கு அன்று கிடைத்தது அந்தப் பார்வைதான்.

அதற்குப் பிறகு அவர்கள் என்னை அதிகம் கண்டுகொள்ளவில்லை. விட்டுப்போன இரண்டு வருடத்தையும் ஒரே மூச்சில் பேசினார்கள். யாருக்கு முழங்கால் வலி, எந்த டாக்டர் என்ன சொன்னார், பள்ளிக்கூடத்துக் கதவு எப்படி உளுத்துப்போனது, நேமத்தான்பட்டியில் ஒரு பழைய வீட்டுக்கு கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த சமையல்கட்டைப் பார்த்து அந்த வீட்டு ஆச்சி என்ன சொன்னார்கள். அப்பளத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். எனக்கு வைத்திருந்த மூன்றாவது அப்பளம் எப்போது போனதென்று எனக்குத் தெரியவில்லை.

ஓட்டல்காரர் கடைசியாக ஒருமுறை வந்து, சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டார். வாத்தியாரும் கான்ட்ராக்டரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்து, ஒருவரை ஒருவர் மறுத்து, வெகுநேரம் பேசினார்கள். ஓட்டல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு எங்களை ஒரு குடும்பம் என்று தோன்றியிருக்க வேண்டும். நல்ல குடும்பம் என்று தோன்றியிருக்காது.

வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போனார்கள். பெண்கள் மூவரும் தையற்கடை நிழலில் நின்று, எடுத்த ஃபோட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசிட்டாகளா?" என்றாள் வாத்தியாரின் மனைவி.

"பேசிட்டாக."

"மணிக்கணக்காப் பேசுவாகளே இனி" என்றாள் கான்ட்ராக்டரின் மனைவி. சந்தோஷப்பட்டாளா அலுத்துக்கொண்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கான்ட்ராக்டர் வாத்தியார் வீட்டுக்குப் போனான். துணைக்கு என்னையும் கூப்பிட்டான். வாசலில் வெகுநேரம் செருப்பைக் கழற்றினான். அவனுடைய செருப்பில் அவிழ்க்க ஒன்றும் கிடையாது. உள்ளே போனதும் வாத்தியாரின் மனைவி, "வாங்கண்ணே" என்றாள். அவள் உள்ளே போனதும் அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. கான்ட்ராக்டர் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றான். நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம்.

"கோணலா மாட்டியிருக்கடா" என்றான் கான்ட்ராக்டர்.

"நேராத்தான் இருக்கு."

"எங்கிட்டச் சொல்றியா? ஸ்க்ரூ டிரைவர் எடு."

வாத்தியார் வீடு முழுக்கத் தேடினான். மின்சாரத்தைப் பற்றி முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறவன் வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லை. கான்ட்ராக்டர் வெளியே போய் பைக்கிலிருந்து தன் பையை எடுத்துவந்தான். நாற்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, பழைய ஆணியைப் பிடுங்கி, சுவரில் புதிதாகத் துளை போட்டான். அவன் வேலை முடிக்கும்வரை வாத்தியார் அம்மாவின் படத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்பக் குடு" என்றான் கான்ட்ராக்டர்.

வாத்தியார் கொடுத்தான்.